‘இல்லை’ என்னும் விடை

கணிப்பொறிக் கலை பயிலும் மாணாக்கர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று, ஒரு நீண்ட சரத்தினுள் ஒரு சிறு சரம் உளதா எனக் கண்டறிதல். சரம் என்பது எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட வரிசை; அதனுள் இடையறாது தொடர்ந்து வரும் ஒரு பகுதி உட்சரம். ஒரு மாலையில் இன்ன மூன்று பூக்கள் இன்ன முறையில் அடுத்தடுத்து நிற்கும் இடம் யாது என வினவுவதைப் போன்றதே இது. பைத்தான் மொழியில் இவ்வினாவிற்கு ஒரே வரியில் விடை பெறலாம். ஆதலின் மாணாக்கர் பலர் இதனை எளிய பொருளென்று கருதி விரைந்து கடந்து செல்கின்றனர். அங்ஙனம் கடத்தல் தகாது என்பதும், பொறி ‘இல்லை’ என்று கூறும் விடையை ஆராயாது ஏற்றல் தமிழுக்குத் தீங்கு பயக்கும் என்பதுமே நமது கருத்து.

முதற்கண், இத்தேடல் நிகழும் முறையை நோக்குவோம். யாவர்க்கும் எளிதில் தோன்றும் வழி, உட்சரத்தைப் பெருஞ்சரத்தின் முதலிடத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்தாவிடின் ஓரிடம் நகர்த்தி மீண்டும் ஒப்பிடுதலாம். 10,00,000 எழுத்துக்கள் உள்ள நூலில் 10 எழுத்துக்கள் கொண்ட உட்சரத்தை இவ்வாறு தேடின், மிக இடர்ப்பாடான நிலையில் ஏறக்குறைய ஒரு கோடி ஒப்பீடுகள் வேண்டும். இதனினும் சிறந்த வழியைக் குனுத், மாரிஸ், பிராட் என்னும் மூவர் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொருந்திய எழுத்துக்கள் எவை என்பது ஒப்பிட்டபோதே தெரிந்துவிட்டமையால், அவற்றை மறுமுறை படித்தல் வீண் என்பதே அவர்கள் கண்ட உண்மை. உட்சரத்தின் அமைப்பை முன்னரே ஆராய்ந்து, பிழைத்த இடத்திலிருந்து எத்துணைத் தூரம் நகரலாம் என ஒரு சிறு அட்டவணை வகுத்துக்கொண்டால், நூலிற் பின்னோக்கிச் செல்ல வேண்டுவதே இல்லை. அந்நிலையில் ஒப்பீடுகள் இருபது லட்சம் அளவிலேயே நின்றுவிடும். அவ்வாண்டிலேயே பாயர், மூர் என்னும் இருவர், உட்சரத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒப்பிடும் வேறொரு முறையை வெளியிட்டனர். ஒப்பிட்ட எழுத்து உட்சரத்தில் எங்குமே இல்லையாயின், உட்சரத்தின் முழு நீளமும் ஒரே தாவலிற் கடக்கப்படும்.

மேற்கூறிய மூவருள் மாரிஸ் என்பார் தம் முறையை முதலில் ஓர் உரை திருத்தும் நிரலில் அமைத்தார். அந்நிரலைப் பின்னர்க் கையாண்டவர்க்கு அது விளங்கவில்லை. அவர்கள் தாம் அறிந்தவாறு திருத்தத் தொடங்க, சில திங்களில் அது உருக்குலைந்து கிடந்ததாம். இச்செய்தி அம்மூவரின் கட்டுரையிலேயே காணப்படுகின்றது. விளங்காத கருவியைக் கையாளுவோர் அக்கருவியையும் கெடுப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விடையைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். பைத்தானில், தேடியது கிடைத்தால் அதன் இடம் எண்ணாகத் தரப்படும். கிடையாவிடின் -1 என்னும் எண் வரும். இடங்களோ 0 முதலாக எண்ணப்படுவன. ஆகவே 0 என்பது ‘முதலிடத்திலேயே உளது’ எனப் பொருள்படும். இதனை ‘இல்லை’ என்று மயங்கி எழுதப்பட்ட நிரல், தேடிய சொல் வாயிலிலேயே நிற்கவும் அதனைக் காணாது திரும்பிவிடும்.

நிற்க. இதுகாறும் கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்பதும் நாம் கற்ற இலக்கணம். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு முறையிலோ, அகரம் ஏறிய எழுத்தே அடிப்படைக் குறி. புள்ளி அதன்பின் தனிக்குறியாக வரும். ஆதலின் ‘கல்வி’ என்பது நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ ஐந்து குறிகள். ‘கட்டு’, ‘கடை’ என்னும் சொற்களில் ‘கட’ உளதா என்று கேட்டால், இரண்டிலும் உளது என்றே பொறி கூறும். தமிழறிந்தார் எவரும் அங்ஙனம் கூறார்.

இல்லாததை உண்டென்பது ஒரு பிழையாயின், உள்ளதை இல்லையென்பது அதனினும் பெரும் பிழை. ‘கொ’ என்பதனை ஒரே உயிர்க்குறி இட்டும் எழுதலாம். முன்னும் பின்னும் இரு குறிகள் இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் பொறிக்கு வெவ்வேறு. இவற்றை ஒருவடிவாக்கும் முறை யூனிக்கோட்டிலேயே வகுக்கப்பட்டுளது. ஆயினும் நிரலெழுதுவோன் அதனை அழைத்தாலன்றி அது தானே வந்து உதவாது. ‘ஔவை’ என்னும் பெயரை ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து இட்டு எழுதுவோர் பலர். அப்பிழையை அம்முறையும் தீர்க்காது. இனி, ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ என்பதும் ‘மரங்கள்’ என்பதும் கிட்டா. ‘பல்’ என்று தேடினால் ‘பற்பொடி’ கிட்டாது. புணர்ச்சி இலக்கணம் அறியாத தேடல் நம் மொழியிற் பாதிக் கண்ணோடு தேடுவதேயாம்.

இவை நுண்ணிய குறைகள், பெரிதாக்க வேண்டா என்பார் சிலர். அவர்கட்கு நாம் கூறுவது இது. இன்று நூல்நிலையத்து அட்டவணையும், தேர்வர் பட்டியலும், பழைய ஏடுகளின் படிகளும் பொறியினுள் புகுந்துவிட்டன. ஒரு புத்தகம் அட்டவணையில் அகப்படாவிடின், அது அலமாரியில் இருந்தும் இல்லாததே. ஒருவர் பெயர் பட்டியலில் அகப்படாவிடின், அவர் தம் உரிமைக்காக வாயிலில் நின்று வாதாட வேண்டும். ஓர் ஆராய்ச்சியாளர் ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ என ஒரே தேடலைக் கொண்டு முடிவுகட்டின், அப்பிழை அவர்பின் வருவோர் ஏடுகளிலும் பரவும். கருவி செய்வோர் இவற்றையெல்லாம் ஒருநாள் திருத்துவர் என்று காத்திருத்தலும் நன்றன்று. தமிழும் நிரலும் ஒருங்கே கற்ற இளைஞர் நம்மிடையே இருக்க, நம் இலக்கணத்தைப் பிறர் வந்து பொறிக்குக் கற்பிப்பர் என எதிர்பார்த்தல் முறையோ?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நிரலெழுதும் மாணாக்கர், ஆயத்தமாயுள்ள தேடற்கருவியைக் கையாளுமுன் அதன் வழிமுறையை ஒருமுறையேனும் தம் கையால் எழுதிப் பார்த்தல் வேண்டும். தமிழ் உரையைத் தேடுமுன், குறிகளை ஒருவடிவாக்கி, முழு எழுத்துக்களாகப் பகுத்துப் பின்னரே ஒப்பிடல் வேண்டும். தமிழ்த் துறையாரும் கணிப்பொறித் துறையாரும் ஒருங்கமர்ந்து, புணர்ச்சியாலும் வேற்றுமையாலும் சொற்கள் திரியும் வகைகளை நிரலாக்க முயலல் வேண்டும். மேலே காட்டிய ‘கட்டு’, ‘கொ’, ‘ஔவை’, ‘மரத்தை’ ஆகிய நான்கனையும் இட்டுச் சோதியாத தேடல் எதனையும் தமிழுக்கு உரியதென வெளியிடலாகாது.

பொறி பொய் கூறுவதில்லை. கேட்ட வினாவிற்கே விடை கூறுகின்றது. ‘இல்லை’ என்று அது கூறுங்கால், ‘நீ கேட்ட வடிவில் இல்லை’ என்பதே அதன் பொருள். அவ்வேறுபாட்டை உணர்ந்து மறுமுறை வினவுதல் கற்றாரின் கடமையாம்.