லண்டனில் ஒரு தறிக்காரர் பையன்

லண்டன் போற ஃப்ரெண்ட்ஸ் முதல்ல எங்கே ஓடுவாங்க? லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், நாலு போட்டோ! ஆரணியிலிருந்து எம்.எஸ்சி. படிக்கப் போன நம்ம நண்பர் கொஞ்சம் வேற டைப். வீட்டுல பட்டு நெய்யுற குழித்தறி. ஸ்கூல் விட்டு வந்ததும் தார் சுத்தி வளர்ந்தவர். அவர் போய் நின்ன இடம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்.

2015 அக்டோபர் முதல் 2016 ஜனவரி வரை அங்கே 'தி ஃபேப்ரிக் ஆஃப் இந்தியா'ன்னு நம்ம நாட்டுத் துணிகளுக்காகவே ஒரு கண்காட்சி. (மியூசியத்துக்குள்ள போக காசு கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரியும் அப்படித்தான். ஸ்பெஷல் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். நோட் பண்ணிக்கோங்க!)

திப்பு சுல்தானோட சீட்டித்துணிக் கூடாரத்தையே உள்ளே நிறுத்தி வெச்சிருந்தாங்க. திப்புவோட அப்பா ஹைதர் அலி, 1782-ல் ஆங்கிலேயப் படையோட மோதினது நம்மாளோட ஆரணியிலதான். ஆனாலும் அவர் ரொம்ப நேரம் நின்னது, கோரமண்டல் கரைத் துணிகள் முன்னாடி.

"கண்ணாடிக்கு வெளியே நின்னு இழை எண்ணிட்டிருந்தேன்"ங்கிறார்.

வாசலுக்கு வந்ததும் வீட்டுக்கு போன். எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டாராம்.

"நெய்தவங்க பேரு போட்டிருந்துச்சாடா?"

"பழைய துணிப்பா. ஊரும் நூற்றாண்டும்தான் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டிருக்கு.

"சரி விடு. நாம நெய்யுற சேலையில மட்டும் இருக்கா?"