மலையோடையின் சுதேசி மீன்

ஓடையில் மீன் குறைந்துவிட்டால் முதலில் தூண்டிற்காரன்மேல் பழி சுமத்துவது எத்தேசத்திலும் உள்ள வழக்கமே. தடையுத்தரவு ஒன்றைப் பிறப்பித்துவிட்டால் கடமை முடிந்ததென்று அதிகாரிகள் திருப்தியடைவதும் உண்டு. இஃது எவ்வளவு தூரம் சரியென்பதை அறிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னஸி, வட கரோலினா ஆகிய இரு ராஜ்யங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளின் அநுபவம் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கத்தக்கது. அம்மலைக்காடு 1934-ஆம் வருஷம் முதல் தேசீயப் பூங்காவாக இருந்து வருகிறது.

அங்குள்ள ஓடைகளுக்குச் சொந்தமான டிரௌட் மீன் ஒரே ஜாதிதான்; அதன் பெயர் புரூக் டிரௌட். மலைவாசிகள் அதன் புள்ளிகளை வைத்து ‘ஸ்பெக்’ என்பர். முதுகு கரும்பச்சை, அதன்மேல் புழு ஊர்ந்தாற்போன்ற கோடுகள், விலாவில் நீல வளையத்துள் சிவப்புப் புள்ளிகள், அடித்துடுப்புகளின் முன்னோரத்தில் சுண்ணாம்பு தீட்டியது போன்ற வெள்ளைக்கோடு. ஆயினும் பெரிய மீனன்று. மலையுச்சி ஓடைகளில் ஒன்பது அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். ஜலத்தின் உஷ்ணம் பாரன்ஹீட் 68 டிகிரிக்கு மேற்பட்டு நீடித்தால் அது தாங்காது. இலையுதிர் காலத்தில் பெண்மீன் வாலால் சரளையை விலக்கிக் குழி செய்து முட்டையிடும். அச்சரளையின் இடுக்குகளில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சடைத்து அழியும். ஆகவே கரைமரத்தின் நிழலும் சரிவிலுள்ள மண்ணின் உறுதியுமே இம்மீனின் ஜீவாதாரம்.

இதைப் பிடிக்கும் முறையும் அலாதியானது. புழு முதலிய உயிரிரை அங்கே கூடாது. ஒற்றைத் தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த பொய்யிரையே பெரிதும் வழங்குகிறது. அதற்குப் பாரமே இல்லையாகையால், கனமான நூலைக் கோலால் வீச, நூலோடு பூச்சியும் சென்று நீர்மேல் மெல்ல இறங்கும். ஆனால் காட்டோடையில் வீசுவதற்கு இடமேது? நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு இனமான ரோடோடெண்ட்ரான் புதர்கள் இருகரையிலிருந்தும் கவிந்து நிற்கும். கோலை வில்லாக வளைத்துப் பூச்சியை விரலால் விட்டெறிவதே சில இடங்களில் வழி. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், பிடிப்பவன் கீழிருந்து மேலாக, தன் நிழல் மடுவில் விழாமல், கல்லுக்குக் கல் பதுங்கிச் செல்ல வேண்டும். பகல் முழுவதும் இவ்வாறு உழைத்து உள்ளங்கையளவு மீன் நாலைந்தைப் பிடித்து, அவற்றையும் திரும்ப விட்டுவிட்டு வருவோர் பலர். இவர்களால் ஓடை பாழாயிற்று என்பது நம்பத்தக்கதன்று.

உண்மையில் பாழானது எவ்வாறெனில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரக்கம்பெனிகள் அம்மலையின் பெரும்பகுதியை வெட்டித் தீர்த்தன. நிழல் போயிற்று, மண் கரைந்து ஓடைகளில் இறங்கிற்று. மீன் மறைந்ததைக் கண்டு, குறையை நிரப்பும் நல்லெண்ணத்தோடு ரெயின்போ டிரௌட் என்னும் மீன்குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டார்கள். அக்கண்டத்தின் மேற்குக்கரை நதிகளுக்குரிய அம்மீன் விரைந்து பெருப்பது. அது கீழ் ஓடைகளின் இரையையும் இடத்தையும் பற்றிக்கொள்ள, சுதேசி மீன் அருவிகளுக்கு மேலுள்ள சிற்றோடைகளில் ஒதுங்கிற்று. பூங்காவில் முன்பிருந்த இடங்களில் ஏறக்குறைய முக்கால்பாகம் அதற்கு இல்லாமற்போயிற்று. பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் குளங்களைச் செய்தது போலத்தான். நீலகிரி அவலாஞ்சி ஓடைகளில் வளர்வதும் இதே ரெயின்போ மீன்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. அங்கே டிரௌட் இனத்தில் சுதேசி ஏதுமில்லையாயினும், முன்னரே அங்கு வாழ்ந்த சிறுமீன்களின் கணக்கையும் பார்ப்பதே நியாயம்.

1970-களின் நடுவில் பூங்காவார் குஞ்சு விடுவதை நிறுத்தினர். அது நல்ல காரியம். புரூக் டிரௌட்டைப் பிடிப்பதையும் தடுத்தனர். முப்பது வருஷம் தடையிருந்தும் மீன் இழந்த இடத்தை மீட்கவில்லை. சில ஓடைகளை மட்டும் சோதனையாகத் திறந்து பார்த்ததில் தூண்டிலால் தொகை குறையவில்லையென்று தெரியவரவே, 2006-இல் தடை நீங்கிற்று. நாளொன்றுக்கு ஐந்து மீன், ஏழு அங்குலத்திற்குக் குறையலாகாது என்பது விதி.

மீட்சிக்கு உதவியது வேறு வேலை. அந்நிய மீன் ஏறிவர முடியாத அருவி ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மேலுள்ள நீரில் ஆன்டிமைசின் என்னும் மருந்தை மிகச் சொற்ப அளவில் விட்டு அந்நிய மீனை ஒழித்து, அருவியடியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் அம்மருந்தை முறித்துவிடுவர். பின்னர்ப் பக்கத்து ஓடைகளிலுள்ள சுதேசி மீனைக் கொணர்ந்து விடுவர். லின் காம்ப் பிராங் என்னும் ஓடை இவ்வாறு சீர்செய்யப்பட்டு 2015-இல் மீன்பிடிக்கத் திறக்கப்பட்டது. ஓடையில் விஷமா என்று அருவருப்போர் உண்டு. அவர்கள் கவலை வீணன்று, அளவு தவறினால் கேடுதான். எனினும் ஒருமுறை செய்யும் இக்கடுஞ்சிகிச்சை, வருஷந்தோறும் குஞ்சு கொட்டுவதினும் மேல். வடபகுதிப் பொரிப்பகங்களின் புரூக் டிரௌட்டைக்கூட இதற்கு எடுக்காதது விவேகமே; ஜாதி ஒன்றாயினும் தென்மலை வித்து வேறு.

இப்போதுள்ள பயம் மரத்தைப் பற்றியது. ஜப்பானிலிருந்து வந்த, அசுவினிக்கு இனமான பஞ்சுப்பூச்சி ஒன்று, ஓடைகளுக்கு நிழல்தரும் ஹெம்லாக் மரங்களில் பற்றியிருப்பது 2002-இல் பூங்காவில் தென்பட்டது. வேரடியில் மருந்தூற்றியும், அப்பூச்சியைத் தின்னும் வண்டுகளை விட்டும் மரங்களைக் காத்து வருகின்றனர். மருந்து எட்டாத சரிவுகளில் மரங்கள் பட்டுப்போய், ஓடைமேல் நேர்வெயில் விழுகிறது.