சிக்னல் போச்சா, கதை முடிஞ்சுதா?

கச்சிராயப்பாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் பேத்தி, காதில் இயர்போன். பக்கத்தில் திருக்கோவிலூர் ஆயா. ஒரு வளைவில் பேத்தி இயர்போனைக் கழற்றிவிட்டு போனைத் தட்டிப் பார்க்கிறாள்.

“ஆயா, சிக்னல் போச்சா, கதை முடிஞ்சுதா, ஒண்ணும் தெரியல. மணிமேகலை செத்துட்டா. அப்புறம் சத்தமே இல்ல.”

“கதை முடிஞ்சுபோச்சு கண்ணு.”

“அவ்ளோதானா? வந்தியத்தேவன் கல்யாணம்? அருள்மொழிக்குப் பட்டம்?”

ஆயா சிரிக்கிறார். பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து படித்தவர் அவர். முதல் தடவை படித்தபோது, கடைசிப் பக்கம் எங்கேயோ விட்டுப்போச்சு என்று வீட்டையே புரட்டியவர்.

‘பொன்னியின் செல்வன்’ 1950-ல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கடைசி பாகத்துக்கு மட்டும் 91 அத்தியாயம். வாரா வாரம் தபால்காரருக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு சாவு. அதுவும் ராஜா சாவு இல்லை. கடம்பூர் மாளிகைப் பெண் மணிமேகலை, தன்னைக் காதலிக்காத வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். திடீரென்று முடித்துவிட்டாரே என்று அன்றைக்கே வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கியும் தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் டிசம்பர் 5-ம் தேதி அவர் மறைந்தார். அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.

ஆயாவின் மனத்தாங்கல் கல்யாணத்தைப் பற்றியது இல்லை. “எங்க ஊர்ப் பேரனைக் கொன்னது யாருன்னு சொல்லாமலே போயிட்டாரே” என்பதுதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள். கதையில் வரும் கிழவர் திருக்கோவிலூர் மலையமானின் மகள்தான் வானவன்மாதேவி. ஆதித்த கரிகாலன் அவருடைய மகன். கடம்பூரில் இருட்டில் அவன் விழுகிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். பக்கத்தில் நந்தினி, ரவிதாஸன் கூட்டம். எந்தக் கை என்று மட்டும் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை.

இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறது. உறவினர்களின் சொத்தைப் பறித்த கணக்கும் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. கல்லிலேயே இல்லாததைக் கல்கி அடித்துச் சொல்லாமல் விட்டது நியாயம்தான்.

முடிவில் உண்மையாகவே இடிக்கிற இடம் வேறு. பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் செம்பியன்மாதேவியின் பிள்ளை, நிஜமான மதுராந்தகன் என்று கதவு திறக்கிறதே, அங்கேதான். அருள்மொழி கிரீடத்தை விட்டுக்கொடுக்கும் தியாகம் பெரியதுதான். ஆனால் அதை வாங்கிக்கொள்ள இவ்வளவு நல்லவன் ஒருத்தன் தயாராக வந்து நிற்பது கொஞ்சம் வசதியாகப் போய்விட்டது. ஆயா ஒத்துக்கொள்ள மாட்டார். “பூங்குழலி ராணியானா இல்ல, அது போதும்” என்பார்.

2023-ல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் இந்தச் சிக்கலை ஒரே வெட்டாக வெட்டியது. ஆள்மாறாட்டம் கிடையாது, ஒரே மதுராந்தகன், அவனுக்கே பட்டம். மணிமேகலை படத்திலேயே இல்லை. லால் மலையமானாக வந்தார் என்று ஆயாவுக்குச் சந்தோஷம், மற்றபடி மூச்சு விடவில்லை. படம் பார்த்துவிட்டு நாவலைக் கேட்க ஆரம்பித்த பேத்திதான், “படத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு ஆயா, இதுல எதுவுமே முடியல” என்கிறாள்.

முடியாததால்தான் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். பாலகுமாரன் ராஜராஜன் கதையை ‘உடையார்’ என்று ஆறு பாகம் எழுதினார். கல்யாண விஷயத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது. அதில் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி.

“இன்னொரு முடிவு நம்ம ஊர்லயே இருக்கு, தெரியுமா?” என்கிறார் ஆயா. திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில் கல்வெட்டு அது. ராஜராஜன் காலத்தது. பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு, கணவன் சுந்தர சோழனோடு தீயில் இறங்கிய வானவன்மாதேவியைச் சொல்கிறது. அதே கல்வெட்டில் கபிலர் தீப்புகுந்த சேதியும் உண்டு. பெண்ணையாற்று நடுவில் கபிலர் குன்று நிற்கிறதே, அவர்தான்.

“பால்குடியா? யாரு அந்தப் பாப்பா? அருள்மொழி அப்போ பெரிய ஆள் இல்லையா?”

“அது கல்லுல எழுதுனவனைத்தான் கேக்கணும்.”

வெள்ளிமலை வந்தது. சிக்னலும் வந்தது. போன் தானாக அடுத்த பகுதியை ஓட்ட ஆரம்பித்தது: முடிவுரை. ஆயா ஒரு இயர்போனை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டார். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிய பிறகுதான் இருவரும் இறங்கினார்கள்.