திரை இருண்டால் தீர்ந்ததா?

பரணில் ஒரு லேப்டாப் கிடக்கிறது. பழைய பாயும் கிழிந்த குடையும் அதற்குத் துணை!

எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தை தமிழக அரசு தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு லேப்டாப் வந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் கூடப் பார்க்காத குடும்பங்களில் பிள்ளைகள் தட்டிப் பழகினார்கள்.

அண்ணன் படித்து முடித்துவிட்டான். இப்போது தங்கை படிக்கிறாள். அவளுக்கு அந்த லேப்டாப் வேண்டும். ஆனால், திரை இருண்டு கிடக்கிறது.

"திரை போச்சு. புதுசு போட சில ஆயிரம் ஆகும்" என்கிறார் கடைக்காரர். அது அப்பாவின் பல நாள் கூலி! லேப்டாப் பரண் ஏறிவிடுகிறது. தங்கையின் ஆசையும் அதோடு போய்விடுகிறது.

திரை இருண்டால் லேப்டாப்பே செத்துவிட்டது என்று அர்த்தமா? இல்லை!

இரட்டைப் புலவர்

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, திருவாமாத்தூர். இந்த ஊர் மீது கலம்பகம் பாடியவர்கள், இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர், கால் நடக்காதவரைத் தோளில் சுமந்தார். தோளில் இருந்தவர் வழி சொன்னார். இப்படியே ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள் என்பது கதை.

திரை கெட்ட லேப்டாப்பும் கண் தெரியாத புலவர் மாதிரிதான். அதன் மூளை நன்றாகவே இருக்கலாம். அதற்குக் கண் கொடுக்க, வீட்டில் டி.வி. இருக்கிறதே!

நான்கு சோதனை

முதல் சோதனை: சார்ஜரைக் கழற்றுங்கள். பாட்டரி கழன்று வருமானால் அதையும் எடுத்துவிடுங்கள். மின்சாரப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மாட்டிப் போடுங்கள். சில சமயம் இதிலேயே உயிர் வந்துவிடும்! வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானையும் தட்டிப் பாருங்கள்.

இரண்டாவது: இருட்டு அறையில், திரை மீது டார்ச் விளக்கைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் படம் வருகிறது. திரைக்குப் பின்னால் எரியவேண்டிய விளக்குதான் எரியவில்லை.

மூன்றாவது: எச்.டி.எம்.ஐ. ஒயராலோ, வி.ஜி.ஏ. ஒயராலோ லேப்டாப்பை டி.வி.யோடு இணையுங்கள். படம் மாறாவிட்டால், விண்டோஸ் பொத்தானை அழுத்தியபடி 'பி' எழுத்தை இரண்டு முறை தட்டி, பிறகு எண்டர் தட்டுங்கள். டி.வி.யில் படம் நன்றாக வந்தால், மூளை பிழைத்தது! கோளாறு திரையில், அல்லது அதற்குப் போகும் ஒயரில். டி.வி.யிலும் அதே கோடுகள் விழுந்தால், குற்றம் திரை மீது இல்லை. புதுத் திரை போட்டால் பணம்தான் வீண்!

நான்காவது: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். படம் வந்து வந்து போகிறதா? கீல் வழியாகப் போகும் ஒயர் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். அதற்கு ஒயரைச் சரி செய்தால் போதும். திரை வாங்க வேண்டாம்.

கண்ணாடி விரிந்து, மை கொட்டியதுபோல் கறை பரவியிருந்தால் மட்டும் வேறு வழி இல்லை. திரையை மாற்றத்தான் வேண்டும்.

கை வைக்கலாமா?

பழைய லேப்டாப்பாக இருந்து, பாட்டரியும் கழன்று வந்தால், வீட்டிலேயே கை வைக்கலாம். முதலில் சார்ஜரையும் பாட்டரியையும் எடுத்துவிட வேண்டும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில், சின்ன ரப்பர் மூடிக்குக் கீழே ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றி, பிளாஸ்டிக் அட்டையால் சட்டத்தை நெம்பினால் வந்துவிடும். பக்கத்து ஸ்குருக்களைக் கழற்றி, துணி விரித்து, திரையை அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். பின்பக்கம் ஒயர் செருகியிருக்கும். அதை நிதானமாக எடுத்து, நேராகத் திரும்பச் செருகுங்கள்.

புதுத் திரை வாங்கும்போது, பழைய திரையின் பின்னால் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அளவு ஒன்றாக இருந்தாலும் செருகும் வாய் வேறாக இருக்கலாம்.

பாட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது! பசை போட்டு ஒட்டிய திரையையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அது கைதேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை.

ஒரு வேண்டுகோள்

கடைக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. ஆனால், விவரம் தெரிந்து போகிறவரிடம் யாரும் கூடக் கேட்க மாட்டார்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ம் ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியது. உரிமை இருந்தால் போதுமா? வழியும் தெரிய வேண்டும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்காருங்கள். ஒரு டி.வி., ஒரு ஒயர், ஒரு டார்ச் விளக்கு போதும். பரணில் கிடப்பதை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தாய்மார்களே! இன்றே பரணில் இருந்து அந்த லேப்டாப்பை இறக்குங்கள். தூசியைத் துடையுங்கள். மகள் கையில் டார்ச் விளக்கைக் கொடுங்கள்.

நோய் என்னவென்று தெரியாமல் யாராவது மருந்து வாங்குவார்களா?