மெதுவாகப் போகிறவருக்கும் சாலை வேண்டும்

மிதிவண்டித் தடத்துக்கு வேக வரம்பு எதற்கு? மிதிவண்டி என்ன விமானமா? இப்படிக் கேட்டுச் சிரிக்கும் நண்பர்கள் நம் பல்கலைக்கழகத்திலேயே பலர் உண்டு. சிரிக்க வேண்டிய விஷயம் அன்று இது என்பதே என் கருத்து.

நான் தாப்பாக்காரன். எங்கள் ஊரில் மிதிவண்டித் தடமே இல்லை. நகரின் நடுவே கூட்டரசுச் சாலை 1 ஓடுகிறது; அங்கிருந்து சாலை 59 கேமரன் மலைக்கு ஏறுகிறது. காய்கறி லாரி, சுற்றுலாப் பேருந்து, மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்த வழிதான். தோட்டங்களை விட்டு வெளியேறி ஊரோரத்தில் குடியேறிய பெரியவர்கள் சிலர் இன்றும் மிதிவண்டியில்தான் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். வெள்ளைக் கோட்டுக்கும் புல்லுக்கும் இடையே உள்ள ஒரு முழ இடம்தான் அவர்களுடைய ‘தடம்’. கூட்டரசுச் சாலைகளுக்குப் பொதுவான உச்ச வேகம் 90 கிலோமீட்டர். நகர்ப் பகுதியில் 60. பெரியவரின் வேகமோ பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது.

தடத்தைப் பிரித்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்பதை நம் நாடே உலகுக்குக் காட்டியிருக்கிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித் தடம் அமைத்தோம். அத்தடம் நீட்டிக்கப்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. சாலையில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோராக இருக்கும் நாட்டில் இது சிறிய சாதனை அன்று.

வெறும் சாயம் பூசினால் தடம் ஆகிவிடாது. 2018-இல் கோலாலம்பூரில் நீல நிறத் தடம் திறக்கப்பட்டது. சாலையோடு சாலையாக இருந்ததால் கார்கள் அதில் நின்றன, மோட்டார் சைக்கிள்கள் அதில் புகுந்தன. தடுப்பு இல்லாத தடம் வேலி இல்லாத பயிர்தான்.

வேலி போட்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேலிக்கு உள்ளே வலியவர் யார், எளியவர் யார்? சிங்கப்பூர் இதை நேரில் சந்தித்தது. அங்கே மிதிவண்டிப் பாதைகளில் வேக வரம்பு 25 கிலோமீட்டர். நடைபாதையில் 15 ஆக இருந்ததை 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். மின் ஸ்கூட்டர் மோதல்கள் தொடரவே, அதே ஆண்டு நவம்பர் 5 முதல் அவற்றை நடைபாதையிலிருந்தே விலக்கினார்கள். நம் போக்குவரத்து அமைச்சு 2022 ஏப்ரலில் மின் ஸ்கூட்டர் போன்ற நுண் வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை என்று அறிவித்தது. தடை சொன்னோம்; அவை எங்கே, எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்ற கேள்விக்கு முழுப் பதில் தேடவில்லை.

இந்த எண்களில் என்ன இருக்கிறது? 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் ஏழு மீட்டர் கடந்துவிடுவார். எதிரே பிள்ளை ஒன்று குறுக்கிட்டதைக் கண்டு பிரேக் பிடிக்கக் கை போவதற்குள் அந்த ஏழு மீட்டர் போய்விடும். பத்தில் சென்றால் மூன்று மீட்டருக்கும் குறைவு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 25-இல் மோதும் வண்டி 10-இல் மோதுவதைப் போல் ஆறு மடங்குக்கும் மேலான ஆற்றலோடு மோதும். தாத்தாவின் இடுப்பெலும்புக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

“மிதிவண்டியில் வேகமானியே இல்லை, எந்தப் போலீஸ் பிடிப்பார்?” என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அது நியாயமானது. ஆகவேதான் வரம்பைப் பலகையில் மட்டும் எழுதாமல் பொறியிலும் பாதையிலும் எழுத வேண்டும் என்கிறேன். மின்சார மிதிவண்டியின் மோட்டார் 25-ஐத் தொட்டதும் தானே ஓய்ந்துவிட வேண்டும். பள்ளி வாசலிலும் சந்திப்பிலும் பாதை வளைந்து, மேடாகி, ஓட்டுபவரைத் தானே மெதுவாக்க வேண்டும். நடப்பவரும் கலந்து செல்லும் இடத்தில் 10. தனித் தடத்தில் 25. இது போதும்.

மிதிவண்டிக்கு வரம்பு சொல்லிவிட்டு லாரியை அப்படியே விடுவது நீதியாகாது. நடப்பவரும் மிதிவண்டியோட்டிகளும் வாகனங்களோடு அடிக்கடி கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. தாப்பாவின் பள்ளி, சந்தை, பேருந்து நிலையச் சுற்றுவட்டங்களுக்கு அந்த 30 வர வேண்டும். தாப்பா மாவட்ட மன்றம் முதலில் ஒரே ஒரு கிலோமீட்டருக்கேனும் கல் தடுப்போடு கூடிய தடம் போட்டுக் காட்டலாம்.

பொறியியலும் சட்டமும் பயிலும் நண்பர்களே, மன்றங்களிலும் அலுவலகங்களிலும் பொறுப்பில் இருக்கும் முன்னாள் மாணவர்களே! நம்மில் பலருடைய கல்விக்குப் பின்னால் ஒரு பழைய மிதிவண்டி இருக்கிறது. பால்வெட்டுக்கும் அதில்தான் போனார்கள். நம்மைப் பள்ளியில் விட்டதும் அதில்தான். நம் ஊருக்கு ஒரு வரைபடம், ஒரு மனு, ஒரு அளவீடு என்று ஆளுக்கொன்று செய்வோம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாத சாலையில் உயிரும் சிதறாது.