கொழுந்துக் கணக்கும் பிளாக்செயினும்: மூலப்பிரதி யார் கையில்?

2019இல் ஒக்ஸ்பாம், ஏயோன், ஈதரிஸ்க் ஆகியன இலங்கை நெல் விவசாயிகளுக்கு பிளாக்செயின் வழிக் காப்புறுதியை ஆரம்பித்தன. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களின் கொழுந்து நிறுவையையும் அப்படிப் பதியலாமே என்று தோன்றும். தடை, சேமிப்புச் செலவு. எதீரியம் ஒப்பந்தமொன்றில் 32 பைட் புதிதாக எழுதவே 20,000 கேஸுக்கு மேல் வேண்டும்; சாதாரண பணப் பரிமாற்றத்துக்கே 21,000 தான். ஆகவே விபரங்களை வெளியே வைத்து, செக்ரோல் முழுவதற்கும் ஒரே 'ஹாஷ்' அடையாளத்தைச் சங்கிலியில் இடுவதே மலிவான வழி.

ஆனால் அந்த அடையாளம் பதிவு மாற்றப்பட்டதா என்று மட்டுமே சொல்லும். தொலைந்ததை மீட்டுத் தராது. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கிலோ கழிப்பது மலையகத்தின் பழைய முறைப்பாடு. தராசடியில் குறைத்து எழுதினால் சங்கிலி அந்தக் குறைவையே பத்திரப்படுத்தும். மூலப்பிரதி தோட்ட அலுவலகத்தில் மட்டும் இருந்தால் தொழிலாளி எதைக் காட்டி வாதாடுவார்? நிறுக்கும் இடத்திலேயே அவர் கைக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அதற்குக் கேஸ் செலவில்லை.