தாளப்பெட்டிக்கு ஷிப்ட் கிடையாது

ஓசூர்ப் பக்கத்துத் தேவாலயங்களின் இளையோர் பாடகர் குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும்: "தரம் வேண்டாமா?" தரத்தின் பெயரால் வந்திருக்கும் விதி ஒன்றை நான் அறிந்த குழுவொன்றில் கண்டேன். தொடர்ந்து மூன்று ஒத்திகைகளுக்கு வராதவர் பாடகர் வரிசையில் நிற்கக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழில்நகரம் ஒன்றில் இதைவிட அநியாயமான விதியை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம் என்பதே என் தரப்பு.

சிப்காட் வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், பின்னர் டைட்டனும் வந்த பிறகு உருவான ஊர் இன்றைய ஓசூர். 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களும் உண்டு. அத்தகைய ஊர்களில் பாடகர் குழு என்பது ஏற்கெனவே இருக்கும் உறவுகளின் நீட்சி. பாடுகிறவனின் அத்தை மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பாள். அவன் வராவிட்டால் ஊரே காரணம் சொல்லும். ஓசூரில் நிலைமை தலைகீழ். நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து, நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இங்கே அத்தை இல்லை. அவன் பெயரைச் சொல்லி யாராவது தேடினால் அது மேற்பார்வையாளராகத்தான் இருக்கும். சமூகம் பாடகர் குழுவை உண்டாக்குவது அங்கே. குழுதான் சமூகத்தை உண்டாக்க வேண்டும் என்பது இங்கே.

இனி அந்த விதியைப் பார்ப்போம். ஒத்திகை மாலை ஏழு மணிக்கு. 'பி' ஷிப்டில் இருப்பவன் அப்போது இயந்திரத்தின் முன் நிற்கிறான். 'சி' ஷிப்ட்காரன் இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறான்; ஞாயிறு காலை கோயிலுக்கு வந்தாலும் தூக்கம் கலையாத தொண்டையோடுதான் வருவான். ஷிப்ட் சுழலச் சுழல, மூன்று ஒத்திகைகளைத் தவறவிடுவது அவனுக்கு ஒழுங்கீனம் அல்ல, உத்தியோகம். ஆக, விதி யாரை வெளியேற்றுகிறது? உழைப்பவனை. யாரை வைத்துக்கொள்கிறது? கல்லூரி மாணவனையும், பொது ஷிப்ட் அதிகாரிகளின் பிள்ளைகளையும். காலியான இடத்தைக் கீபோர்டின் தாளப்பெட்டி நிரப்பிவிடுகிறது. அதற்கு ஷிப்டும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது.

புனிதம், தரம் என்று சொல்லி ஆட்களை வெளியே நிறுத்துவது புதிதல்ல. 1903இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருச்சபை இசை பற்றிய ஆணை, பாடகர் பணி வழிபாட்டுப் பணி, ஆகவே பெண்கள் அதில் சேரக்கூடாது என்றது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம், மக்கள் அனைவரின் பங்கேற்பையே அளவுகோலாக வைத்தது. இன்று நம் கோயில்களில் பாடுவோரில் பெரும்பாலோர் பெண்கள். வானம் இடிந்து விழவில்லை.

தமிழில் இதை மிகக் கூர்மையாகச் சிந்தித்தவர் பரட்டை என அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (மறைவு 2005). மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, எளியவர்கள் தாங்களே எடுத்துத் திருப்பிப் பாடி மாற்றிக்கொள்ளக்கூடிய நாட்டார் இசையே விடுதலையின் இசை என்று வாதிட்டார். ஒரே உலையில் பொங்கி உண்பதை அவர் இறையியலாகவே பேசினார். அதனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை மரபைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நம் சொத்து. அப்பாவுவின் வழியும் ஓசூரில் அப்படியே செல்லாது. யாருடைய நாட்டார் இசை என்ற கேள்வி இங்கே உடனே எழுகிறது.

ஏனெனில் 2022இல் ஓசூரை அடுத்த மின்னணுத் தொழிற்சாலைக்கு ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1845இல் காஸ்னர் மிஷன் ராஞ்சியில் கால்வைத்ததிலிருந்து சோட்டாநாக்பூரில் முண்டாரியிலும் குடுக்கிலும் சாத்ரியிலும் கிறிஸ்தவப் பாடல் பாடும் மரபு உண்டு. அந்த மரபில் வளர்ந்த ஒரு பெண், விடுதிப் பேருந்தில் வந்திறங்கி, புரியாத மொழிப் பாடலைக் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய இழப்பு! இழப்பு அவளுக்கு மட்டுமல்ல. காணிக்கைப் பாடல் ஒன்றை அவளிடம் கற்றுக்கொள்ள நம் தேர்ந்த பாடகர்களுக்கு எத்தனை ஒத்திகை பிடிக்கும்?

"எல்லையோர ஊர், மொழிப் பிரச்சினை கிளம்பும்" என்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் காய்கறி விலை பேசும் ஊரில், ஒரு முண்டாரிப் பாட்டால் தமிழ் தேய்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குத் தமிழ் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை போலும்.

செய்ய வேண்டியவை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒரே ஒத்திகையை இரு வேளைகளில் வையுங்கள். ஒன்று ஞாயிறு வழிபாடு முடிந்த கையோடு, தேநீருடன். மெட்டைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள், 'சி' ஷிப்ட்காரன் பேருந்தில் கேட்டுக்கொள்வான். சுருதியை அரைக்கட்டை இறக்கினால் சபையும் சேர்ந்து பாடும். வராதவனுக்குத் தண்டனை விதிக்குமுன் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். அடுத்த மாத ஒத்திகை அட்டவணையை எழுத உட்காரும் குழுத் தலைவர், அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அவரவர் ஷிப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கட்டும்.